உரோமரின் நாணயம்

தமிழிலே நாணயம் என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. கையிலே புழங்கும் காசையும் அச்சொல் குறிக்கும். மனிதரிடத்தே நாம் எதிர்பார்க்கும் நேர்மையையும் குறிக்கும். ஒருவரை 'நாணயமானவர்' என்று ஊரார் சொன்னால், அவரை நம்பிக் கடன் கொடுக்கலாம், அவர் சொன்ன சொல் தவறமாட்டார் என்பது கருத்து. காசுக்கும் நேர்மைக்கும் ஒரே பெயர் வாய்த்தது மிகவும் பொருத்தமே. காசு என்பதும் ஒரு வாக்குறுதிதானே? இன்ன எடை, இன்ன மாற்று என்று ஓர் அரசன் தன் பெயராலும் உருவத்தாலும் உலகுக்கு அளிக்கும் உறுதியே அது. நேயர்களே, உரோமப் பேரரசர்கள் வெளியிட்ட காசுகளையும், அவற்றிலே பொறிக்கப்பட்ட சின்னங்களையும், அவை நமது யாழ்ப்பாணக் குடாநாட்டின் மண்ணை வந்தடைந்த வரலாற்றையும் இந்த இரண்டு பொருள்களையும் மனத்திற் கொண்டு இன்று சிறிது ஆராய்வோம்.

சுன்னாகத்துக்கு அண்மையில், வலிகாமத்தின் செம்மண் தோட்டங்களுக்கும் பனந்தோப்புகளுக்கும் இடையே கந்தரோடை என்னும் ஊர் அமைந்திருக்கிறது. கதிரமலை என்று நம் முன்னோர் போற்றிய பழம்பதி இதுவே என்பர். முருகைக் கல்லாலான சிறு தூபிகள் கூட்டமாக நிற்கும் இவ்விடத்தைப் போல் ஈ. பீரிஸ் என்னும் அறிஞர் ஆராய்ந்து, தாம் கண்டவற்றை 1917 ஆம் ஆண்டிலும் 1919 ஆம் ஆண்டிலும் அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் வெளியிட்டார். மணிகள், ஓட்டாஞ்சில்லுகள், அச்சுக் குத்திய பழைய வெள்ளிக் காசுகள், இலட்சுமியின் உருவம் பொறித்த செப்புத் தகடுகள் ஆகியவற்றோடு உரோமக் காசுகளும் இவ்வூரிலே கிடைத்தன. பின்னர் 1970 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அரும்பொருளகத்தைச் சேர்ந்த குழுவினர் இங்கு அகழ்ந்தபோது, புதுச்சேரிக்கு அருகேயுள்ள அரிக்கமேட்டிலே கிடைத்தது போன்ற மட்பாண்டங்களைக் கண்டனர். ஆகவே கந்தரோடை கடலுக்கு அப்பாலும் உறவு கொண்டிருந்த ஊர் என்பதில் ஐயமில்லை. மகாவம்சம் குறிப்பிடும் சம்புகோளம் என்னும் பழந்துறையும் இதே வலிகாமத்தின் வடகரையிலேதான் இருந்தது.

உரோமாபுரிக்கும் நமது கீழ்த்திசைக்கும் இடையே வாணிகம் பெருகியது எப்போது? கி. மு. 30 ஆம் ஆண்டிலே ஒகஸ்தஸ் எகிப்தைக் கைப்பற்றினான். அதன்பின் செங்கடல் துறைமுகமொன்றிலிருந்து மட்டும் ஆண்டுக்கு 120 கப்பல்கள் வரை இந்தியாவை நோக்கிப் புறப்பட்டன என்று கிரேக்கப் புவியியலாளராகிய இசுத்திராபோ எழுதினார். இலங்கையின் யானைத்தந்தமும் ஆமையோடும் பிற பொருள்களும் இந்தியத் துறைமுகங்களுக்குக் கொண்டுவரப்பட்டு விற்கப்பட்டன என்பதும் அவர் தரும் செய்தியே. காவிரிப்பூம்பட்டினத்துக்கு ஈழத்திலிருந்து உணவுப் பொருள் வந்ததை நமது பட்டினப்பாலையும் அறியும். எனவே யவனர் நேரே வந்து இறங்காத காலத்திலும், தமிழகக் கரையின் வழியாக அவர்களுடைய பொன்னும் வெள்ளியும் பற்றிய செய்தி ஈழத்தை எட்டியிருந்தது.

இனி அக்காசுகளிலே என்ன இருந்தது என்று பார்ப்போம். உரோமரிடத்தே பொன், வெள்ளி, வெண்கலம், செம்பு ஆகிய உலோகங்களிலே காசுகள் வழங்கின. ஒரு பொற்காசுக்கு 25 வெள்ளித் தெனாரியங்கள். வானொலியும் செய்தித்தாளும் இல்லாத அக்காலத்தில், பேரரசன் தன் குடிகளோடு பேசுவதற்கு இக்காசுகளே வாயிலாயின. கி. மு. 44 ஆம் ஆண்டிலே யூலியஸ் சீசர் தான் உயிரோடிருக்கும்போதே தன் முகத்தை உரோமாபுரியின் காசிலே பொறிக்கச் செய்தான். அதற்கு முன்பு தெய்வங்களுக்கும் மறைந்த முன்னோருக்கும் உரியதாயிருந்த இடம் அது. அன்று தொடங்கிய வழக்கம் பேரரசு உள்ளவரை நின்று நிலைத்தது. காசின் முன்பக்கத்தே பேரரசனின் தலையும், அதனைச் சூழ அவனுடைய பட்டப்பெயர்களும் காணப்படும். அவன் நாட்டுக்குச் சொல்ல விரும்பிய செய்தியைப் பின்பக்கம் தாங்கி நிற்கும்.

எகிப்தை வென்ற ஒகஸ்தஸ் ஒரு முதலையைப் பொறித்து, 'எகிப்து கைப்பற்றப்பட்டது' என்று எழுதுவித்தான். நைல் நதியின் முதலை அடங்கிவிட்டது என்பது அதன் குறிப்பு. கி. பி. 70 ஆம் ஆண்டிலே எருசலேம் வீழ்ந்தபின் வெசுப்பாசியன் வெளியிட்ட காசுகளிலே, பேரீச்ச மரத்தடியில் ஒரு பெண் அமர்ந்து புலம்புகிறாள். பனையைப் பார்த்தவுடன் யாழ்ப்பாணத்தை நாம் நினைப்பதுபோல, பேரீச்சையைப் பார்த்தவுடன் யூதநாட்டை நினைக்கும்படி அச்சின்னம் அமைந்தது. ஒலிவக் கிளையேந்திய பெண் சமாதானத்தையும், சிறகு விரித்தவள் வெற்றியையும், தானியக் கதிரேந்தியவள் தலைநகருக்குத் தவறாது வரும் உணவையும் குறித்தனர். தராசை ஏந்திய ஒருத்தியும் உண்டு. அவள் செம்மையின் தெய்வம். எடையிலும் அளவிலும் வழுவில்லை என்பது அவள் கூறும் வாக்கு. இந்தத் தராசுப் பெண்ணை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அவளைப் பற்றி மறுபடியும் பேசவேண்டியிருக்கிறது.

தமிழகத்திலே கரூர், கோயம்புத்தூர் முதலிய பகுதிகளில் உரோம வெள்ளிக் காசுகள் குவியல் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. அவற்றுள் இரண்டு வகைகள் மிகப் பல. ஒன்றிலே ஒகஸ்தசின் பேரர்களும் வளர்ப்பு மக்களுமாகிய காயசும் இலூசியசும் கேடயங்களோடும் ஈட்டிகளோடும் நிற்கின்றனர். தனக்குப்பின் அரசுரிமை யாருக்கு என்பதைப் பேரரசன் இவ்வாறு அறிவித்தான். எனினும் அவ்விருவரும் அவனுக்கு முன்னரே இறந்துபோயினர். மற்றொன்று திபேரியசின் காசு; அதன் பின்பக்கத்தே செங்கோலும் கிளையும் ஏந்தி ஒரு பெண் வீற்றிருக்கிறாள். மிளகும் முத்தும் விற்ற தமிழ் வணிகருக்கு உரோமாபுரியின் அரசுரிமைச் சிக்கலால் ஆவது என்ன? அவர் நோக்கியது வெள்ளியின் எடையை. புதுக்கோட்டைப் பகுதியில் 1898 ஆம் ஆண்டிலே 501 உரோமப் பொற்காசுகள் ஒருங்கே கிடைத்தன. அவற்றுட் பெரும்பாலானவற்றிலே பேரரசனின் முகத்துக்குக் குறுக்கே உளியால் வெட்டிய தழும்பு காணப்பட்டது. அவை இனிமேல் காசாகச் செலாவணியாகாமல், பொன்னாக மட்டும் எடையிடப்படவேண்டும் என்பதற்காகவே அவ்வாறு வெட்டினர் என்பது அறிஞர் பலர் கொண்ட முடிவு. பேரரசனின் முகம் போயிற்று. பொன் அப்படியே இருந்தது.

இந்த இடத்திலே ஈழத்தரசன் ஒருவனைப் பற்றிய கதை நினைவுக்கு வருகிறது. கி. பி. முதல் நூற்றாண்டிலே வாழ்ந்த உரோம அறிஞராகிய பிளினி அதனை எழுதிவைத்தார். ஆனியஸ் புளொக்காமஸ் என்பவன் செங்கடற் பகுதியின் வரிகளை அறவிடும் குத்தகையைப் பெற்றிருந்தான். அவனால் விடுதலை பெற்ற அடிமை ஒருவன் அரேபியாவைச் சுற்றிக் கடலிலே சென்றபோது, வடகாற்றினால் அள்ளுண்டு பதினைந்தாம் நாள் இலங்கையின் இப்புரி என்னும் துறையை அடைந்தான். இப்புரி என்பது கிரேக்க மொழியிலே குதிரையைக் குறிக்கும் சொல்லோடு தொடர்புடையதாகையால், அத்துறை நமது வடமேற்குக் கரையிலுள்ள குதிரைமலையே என்று சிலர் கருதுவர். இத்தீவின் அரசன் அவனை ஆறு மாதம் உபசரித்தான். அவன் கொண்டுவந்த வெள்ளிக் காசுகளை அரசன் பார்த்தான். வெவ்வேறு முகங்கள் பொறித்த காசுகள் அவை. ஆகவே வெவ்வேறு பேரரசர் காலத்தவை. ஆயினும் எல்லாம் ஒரே எடை. ஆள்பவர் மாறினும் அளவு மாறாத நாட்டினர் நேர்மையுடையவராகத்தான் இருத்தல் வேண்டும் என்று வியந்த அரசன், தன் தூதுவர் நால்வரைக் கிளோடியஸ் பேரரசனிடத்தே அனுப்பினான் என்று அக்கதை முடிகிறது.

இதிலே கற்பனை எவ்வளவு என்று கேட்கலாம். புளொக்காமஸ் என்னும் பெயர் கற்பனையன்று. அவனுடைய அடிமை ஒருவன் கி. பி. 6 ஆம் ஆண்டிலே எகிப்தின் கீழைப் பாலைவனத்துப் பாறையிலே தன் பெயரையும் தன் தலைவன் பெயரையும் கீறிவைத்திருக்கிறான். அக்குடும்பத்தாருக்குச் செங்கடல் வாணிகத்திலே பங்கிருந்தது உண்மை. அரசன் செய்த சோதனையும் பொருளற்றதன்று. உருவத்தை அவன் படித்தறியவில்லை. தராசிலே வைத்து நிறுத்தான். காசின் நாணயத்தை எடையால் அளந்த அவ்வரசன், நம் சொல்லின் இரண்டு பொருள்களையும் ஒருங்கே கண்டவனாகின்றான்.

ஆனால் அவன் புகழ்ந்த அந்த நேர்மை நீடிக்கவில்லை. ஒகஸ்தஸ் காலத்திலே ஓர் இறாத்தல் வெள்ளியிலிருந்து 84 தெனாரியங்கள் அடித்தனர்; கி. பி. 64 ஆம் ஆண்டிலே நீரோ அதனை 96 ஆக்கினான். மூன்றாம் நூற்றாண்டை அணுகும்போது செப்தீமியஸ் செவெரஸ் காசிலே வெள்ளியைப் பாதியளவுக்குக் குறைத்துவிட்டான். கி. பி. 270 ஆம் ஆண்டளவிலே வெள்ளிக் காசு எனப் பெயர் பெற்றது நூற்றுக்கு ஐந்து பங்கு வெள்ளியேனும் இல்லாத செம்பாயிற்று. வெளியே மெல்லிய வெள்ளிப் பூச்சு மட்டும் இருந்தது. அதே காலத்துக் காசுகளிலே நாம் முன்னர்க் கண்ட தராசுப் பெண் கம்பீரமாக நிற்கிறாள். 'பேரரசனின் செம்மை' என்று அவளைச் சூழ எழுத்தும் இருக்கிறது! போர்வீரரின் விசுவாசத்தைப் போற்றும் காசுகளும் அக்காலத்தனவே; ஆனால் பேரரசர் பலர் தம் போர்வீரராலேயே கொலையுண்டனர். உள்ளதைச் சொல்வதற்கன்றி, இல்லாததை மறைப்பதற்கும் சின்னம் பயன்படும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்திலே கொன்சுதந்தைன் பேரரசன் இக்குறையைத் திருத்தினான். இறாத்தலுக்கு 72 என்னும் கணக்கிலே அவன் அடித்த சொலிதஸ் என்னும் பொற்காசு, எடையும் மாற்றும் பெரிதும் குன்றாமல் ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகள் நிலைத்தது. சின்னங்களும் மாறின. வெல்லற்கரிய சூரியன் இருந்த இடத்துக்குப் பின்னர்ச் சிலுவை வந்தது. இப்பொற்காசைப் பற்றியும் இலங்கையோடு தொடர்புள்ள கதை ஒன்று உண்டு. கொசுமாஸ் என்னும் ஆசிரியர் ஆறாம் நூற்றாண்டிலே அதனை எழுதினார். சோப்பத்திரோஸ் என்ற உரோம வணிகனும் பாரசீகன் ஒருவனும் ஈழத்தரசன் முன்னிலையிலே நின்றனராம். உங்கள் மன்னருள் யார் பெரியவர் என்று அரசன் வினவ, எங்கள் மன்னரே என்று பாரசீகன் முழங்கினான். உரோமனோ, இருவரும் இங்கேயே இருக்கிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள் என்று கூறி இருநாட்டுக் காசுகளையும் காட்டினான். பாரசீகக் காசு வெள்ளி. உரோமக் காசு பொன். இரண்டையும் திருப்பிப் பார்த்த அரசன் உரோமரைப் புகழ்ந்து, சோப்பத்திரோசை யானைமீதேற்றி முரசொலியோடு நகர்வலம் வரச்செய்தான்.

நேயர்களே, இவ்விரு கதைகளும் இனிமையானவை. ஆனால் இரண்டையும் சொன்னவர்கள் உரோமப் பேரரசின் குடிமக்கள் என்பதை மறத்தலாகாது. தம் நாட்டின் பெருமையை அயல்நாட்டு அரசன் வாயாற் சொல்வித்தல் ஆசிரியர்கள் கையாளும் பழைய உத்தி. ஆகவே நூல்கள் சொல்வதை மண் சொல்வதோடு ஒப்புநோக்குதல் வேண்டும். மண் சொல்வது வேறு. முதல் நூற்றாண்டின் வெள்ளிக் காசுகள் தமிழகத்திலே மலிந்திருக்க, இலங்கையிலே மிகச் சிலவே கிடைத்திருக்கின்றன. இத்தீவிலே ஆயிரக்கணக்கிலே கிடைப்பவை நான்காம் ஐந்தாம் நூற்றாண்டுகளின் சிறு செப்புக் காசுகளே. 1907 ஆம் ஆண்டிலே ஜோன் இசுத்தில் என்பவரும், 1924 ஆம் ஆண்டிலே கொட்றிங்ரன் என்பவரும் இவற்றை விரிவாக ஆராய்ந்து எழுதினர். பெருவிரல் நகத்தளவான இக்காசுகளிற் பல ஒன்றிரண்டு கிராம் எடையே உள்ளவை. கொடியின் இருபுறமும் நிற்கும் வீரர் இருவர், மலர்வளையத்துள் எழுதிய நேர்த்திக்கடன், கைதியை இழுத்துச் செல்லும் சிறகுடைய வெற்றித்தெய்வம் ஆகியன இவற்றிற் காணப்படும் சின்னங்கள். ஒனோரியஸ் பேரரசன் பெயரால் வெற்றியைப் பறைசாற்றும் இத்தகைய காசுகள் வழங்கிய நாளிலேதான், கி. பி. 410 இல் உரோமாபுரியே பகைவரின் கொள்ளைக்கு இரையாயிற்று.

அரசன் முன்னிலையிலே பொன்னைக் காட்டிப் பேசிய பெருவணிகரின் காசுகள் அல்ல இவை. சந்தையிலே சில்லறைப் பண்டம் வாங்கியவரின் இடுப்பு முடிச்சிலே இருந்தவை இவை. கைமாறிக் கைமாறி உருத்தேய்ந்தவை. நம் மக்களிற் பலர் இதன் எழுத்தை வாசித்திருக்கமாட்டார்கள். அதனால் காசின் பயன் குன்றவில்லை. போதிய காசு கிடைக்காதபோது இத்தீவின் கம்மியரே அவற்றைப் பார்த்துப் புதிதாக அடித்தனர். அவ்வாறு அடித்த காசுகளிலே பேரரசனின் முகம் சில புள்ளிகளாகவும் கோடுகளாகவும் சுருங்கிற்று. இலத்தீன் எழுத்து வெறுங் கீறலாயிற்று. இதனைப் போலி என்று இகழ்வது முறையன்று. பேரரசனின் செய்தி முற்றாக அழிந்தபின்னும், கொடுப்பவனும் கொள்பவனும் ஒருவரையொருவர் நம்பியதாலே அச்செம்புத் துண்டு காசாகவே நின்றது. உரோமரின் நாணயம் அங்கே நமது சந்தையின் நாணயமாக மாறிவிட்டது.

நம்மவர்க்குத் தமக்கென்று சின்னங்கள் இல்லாமலும் இல்லை. கந்தரோடையிலே மிகுதியாகக் கிடைத்த செப்புத் தகடுகளிலே, தாமரைமேல் நிற்கும் இலட்சுமிக்கு இருபுறமும் யானைகள் நீர் சொரிகின்றன; மறுபுறத்தே வேலியடைப்பின்மேல் சுவஸ்திகம் விளங்குகிறது. அது செல்வத்தின் தெய்வம். எந்த மன்னனின் முகமும் அதிலே இல்லை. நூற்றாண்டுகள் பல கழிந்தபின் நல்லூரிலிருந்து ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகள் செம்பிலே காசடித்தபோது, ஒருபுறத்தே மன்னன் நிற்கும் உருவத்தையும், மறுபுறத்தே படுத்திருக்கும் இடபத்தையும் அதன்மேற் பிறையையும் பொறித்து, 'சேது' என்று தமிழிலே எழுதினர். இடபம் அவர்களுடைய சைவத்தைச் சொல்லும்; சேது அவர்கள் காத்த புனிதத் துறையைச் சொல்லும். இக்காசுகள் யாழ்ப்பாண மன்னருடையவையே என்பதை நிலைநாட்டுவதற்கு நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் அரிதின் உழைத்தார்.

இதுகாறும் காசு கூறும் சான்றுகளுள் இரண்டைக் கண்டோம். ஒன்று உருவம், மற்றது எடை. மூன்றாவது சான்று ஒன்று உண்டு. அதுவே நமக்கு மிகவும் வேண்டியது. அக்காசு கிடைத்த இடமே அச்சான்று. யாழ்ப்பாண வைபவமாலை கி. பி. 18 ஆம் நூற்றாண்டிலே எழுந்த நூல். தொல்பழங்காலத்தைப் பற்றி அது கூறுவன பெரும்பாலும் கதைகள். எனவே இக்குடாநாட்டின் முதல் ஆயிரம் ஆண்டுகளை அறிய நமக்கு மண்ணே நூல். அந்நூலின் எழுத்துகளுள் ஒன்று காசு. எந்த ஊரில், எந்தத் தோட்டத்தில், எவ்வளவு ஆழத்தில், எப்பொருளோடு கிடைத்தது என்பது தெரிந்தால், தேய்ந்துபோன செம்புக் காசும் வாய் திறந்து பேசும். அதுவன்றி வணிகனின் பெட்டிக்குப் போய்ச் சேர்ந்த காசு, எவ்வளவு அழகியதாயினும், உரோமாபுரியைப் பற்றிச் சொல்லலாம். யாழ்ப்பாணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

கந்தரோடையிலும் பிற ஊர்களிலும் உழும்போதும் கிணறு வெட்டும்போதும் மழை கழுவிச் செல்லும்போதும் காசுகளை முதலிற் காண்பவர்கள் அறிஞர்கள் அல்லர்; தோட்டக்காரரும் பிள்ளைகளுமே. ஆகவே ஒரு வேண்டுகோள். பச்சை பிடித்த செம்புத் துண்டு ஒன்று அகப்பட்டால், பித்தளைப் பாத்திரத்தைத் துலக்குவதுபோலப் புளியிட்டுத் தேய்க்கவேண்டாம். அந்தப் பச்சையோடு எழுத்தும் உருவமும் போய்விடும். காணியின் பெயரையும் கிடைத்த நாளையும் ஆழத்தையும் ஒரு தாளிலே குறித்து, காசை அத்தாளிலேயே சுற்றிவையுங்கள். பின்னர் அதனைத் தொல்லியற் திணைக்களத்தாருக்கு அறிவியுங்கள். 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம் வேண்டுவதும் அதுவே. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து வரலாற்றாசிரியர்களிடம் காட்டினாலும் அதன் பொருளை எடுத்துரைப்பார்கள்.

பேரரசர்கள் பொன்னிலும் வெள்ளியிலும் தம் பெருமையைப் பொறித்தார்கள். அதிலே மெய் எவ்வளவு, பூச்சு எவ்வளவு என்பதைத் தராசு காட்டிக்கொடுத்தது. அவர்களுடைய காசு ஒன்று இன்று வலிகாமத்துச் செம்மண்ணிலே நம் கையில் அகப்படுமாயின், அது கிடைத்த இடத்தை ஒளியாமல் உள்ளபடி சொல்லுதல் நம் கடமையாகும். நம்முடைய முன்னோரின் வரலாறு எவ்வளவு தெளிவாக எழுதப்படும் என்பது அந்த நாணயத்திலேதான் தங்கியிருக்கிறது.